கவிழ்க்காமல் விட்ட தண்ணீர்

கொசு ஒழிப்பு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே,

இந்நேரம் உங்களுக்கு டார்ச் லைட், நீளக் கைப்பிடி வைத்த வெள்ளைக் கரண்டி, மருந்து பாட்டில், தோளில் மாட்ட ஒரு பை எல்லாம் கொடுத்திருப்பார்கள். வீடு வீடாகப் போ, தேங்கிய தண்ணீரைத் தேடு, புழு இருந்தால் கவிழ்த்துக் கொட்டு என்று சொல்லியும் இருப்பார்கள். ஆரணியில் என் சர்வீஸ் முழுக்க நான் செய்ததும் அதைத்தான். டயர், கொட்டாங்குச்சி, ஆட்டுக்கல், பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் டப்பா என்று நான் கொட்டாத தண்ணீர் கிடையாது. தூரத்தில் நான் வருவதைப் பார்த்தாலே பெண்கள் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொள்வார்கள். என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தால் டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிடுவார். ஏன் இந்த அவசரம் என்றால், "வச்சா நீ கொண்டு போய் ஊத்திடுவ" என்பார்.

அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு தண்ணீரைக் கவிழ்க்காமல் விட்டேன். விட்டது மட்டுமில்லை, நானே இடம் பார்த்துக் குழி வெட்டச் சொல்லித் தேக்கியும் வைத்தேன். அதுவும் ஓய்வுபெறப் போகிற வருஷத்தில். மருந்து எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பதையெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லித் தருவார்கள். இதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள் என்பதால் நான் சொல்கிறேன்.

முதலில் ஒரு மனிதரைப் பற்றி. நான் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். பெயர் வேண்டாம், அவருக்கே பிடிக்காது. தண்ணீர்த் தொட்டி முன்னால் கரண்டியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்பார். வேலை செய்ய உடம்பு வணங்காத ஆள் என்று வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு நாள் பொறுமை போய்க் கேட்டேவிட்டேன்.

"நம்ம நெழல் வுழுந்த ஒடனே புழு அடியில பூடும்மா. அப்ப மொண்டா வெறுந்தண்ணிதான் வரும். நாம பூட்டோம்னு அது நெனைக்கற வரைக்கும் நிக்கணும்" என்றார்.

இந்த வேலையில் எனக்குக் கிடைத்த உருப்படியான பாடம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் சுற்றறிக்கை.

சரி, கதைக்கு வருகிறேன். ஆடி பிறக்கப் போகிற நேரம். தனபால் என்ற பட்டு நெசவாளர் அலுவலகத்துக்கு வந்து, தன் தறிக்குழியில் தவளை வருகிறது என்று புகார் சொன்னார். தவளைக்கு எந்த செக்‌ஷன் என்று யாருக்கும் தெரியவில்லை. மேஜை மேஜையாக அவரை அனுப்பினார்கள். தண்ணீரில் இருப்பதுதானே என்று கடைசியில் என் தலையில் கட்டினார்கள்.

"அக்கா, ரொம்ப பேஜாரா கீதுக்கா. மழ பேஞ்சா போதும், வந்துகினே கீதுங்க. ஆவணி முகூர்த்தத்துக்குக் கல்யாணப் பொடவ தறியில கீது. மாம்பழ மஞ்சள். ஒண்ணே ஒண்ணு சேத்தோட பாவு நூலு மேல குதிச்சிதுன்னா என் கத கந்தல்" என்றார்.

போய்ப் பார்த்தேன். குழித்தறி என்றால், நெய்கிறவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிக்க வேண்டும். அந்தத் தெரு ஏரிக்குக் கீழே இருப்பதால் மழைக் காலத்தில் குழியின் அடியில் நீர் கசியும். முன்பெல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் மழைத் தண்ணீர் நிற்கும், தவளைகள் அங்கேயே தங்கள் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. போன வருஷம் தனபால் அந்த இடத்துக்கு சிமென்ட் போட்டு வண்டி நிறுத்த ஆரம்பித்துவிட்டார். தவளைகளுக்குத் தெரிந்து அக்கம்பக்கத்தில் மிச்சமிருந்த ஒரே பள்ளம் அவர் கால் வைக்கும் குழிதான்.

எட்டிப் பார்த்தபோது மிதிகட்டை மேல் கைப்பிடி அளவு சொறித்தவளை ஒன்று, முதலாளி மாதிரி உட்கார்ந்திருந்தது.

"இது மேஸ்திரி" என்றாள் தனபாலின் மனைவி செல்வி. "நேத்து இவரு மிதிகட்டன்னு நெனச்சி இத மிதிச்சிட்டாரு. அது கத்துச்சி. இவரு அத வுட ஜாஸ்தி கத்துனாரு."

தெருவில் ஆளுக்கு ஒரு யோசனை சொல்லியிருந்தார்கள். உப்புப் போடு, பிளீச்சிங் பவுடர் போடு, துடைப்பத்தால் அடி. செல்வி எதற்கும் சம்மதிக்கவில்லை. கல்யாணப் புடவை தறியில் இருக்கும்போது வீட்டுக்குள் ஓர் உயிரை எடுக்கக் கூடாது என்பது அவள் கட்சி. எனவே வாளியில் பிடித்து ஏரியில் விட்டுவிட்டு வந்தோம். அடுத்த மழைக்கு அவ்வளவும் திரும்பி வந்தன. மேஸ்திரி முதல் ஆளாக வந்து தன் மிதிகட்டையில் உட்கார்ந்துகொண்டது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வெளியே ஒரு பள்ளம் கொடுத்தால் அவை ஏன் உள்ளே வரப் போகின்றன? கண்ணமங்கலம் ரோட்டில் இருக்கிற கிராமம் எனக்கு. எங்கள் வீட்டில் எல்லோரும் சேற்றில் கால் வைத்துப் பிழைத்தவர்கள்தான், சேறு மட்டும் அடுத்தவருடையது. நாற்று நடும்போது காலில் சுற்றும் தவளை முட்டையைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். எந்தத் தண்ணீரில் இடும், எதில் இடாது என்பதும் தெரியும். ஆழம் வேண்டாம், ஓட்டம் வேண்டாம், மீன் கூடவே கூடாது.

சிமென்ட் தரைக்கும் மதில் சுவருக்கும் நடுவே தென்னை மரத்தடியில் கொஞ்சம் மண் மிச்சமிருந்தது. "இங்க ஒரு குழி வெட்டுங்க தனபால்" என்றேன். என்னோடு வேலை பார்த்த முருகன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான்.

"அக்கா, ஊர்ல கீற தண்ணியெல்லாம் நாம கொட்டிகினு கீறோம். நாமளே தேக்கறதா? வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்கக்கா."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. நீ மம்பட்டிய எடு."

மறுநாள் போய்ப் பார்த்தால் தனபால் வேலையை முடித்திருந்தார். பார்த்ததும் எனக்கு அழுவதா சிரிப்பதா என்று புரியவில்லை. மனிதர் வாழ்நாளில் பார்த்த ஒரே குழி தறிக்குழி. அதனால் நூல் பிடித்து, நான்கு மூலையும் சதுரமாக, சுவர் செங்குத்தாக, தேய்த்துப் பூசி, அச்சு அசலாக ஒரு தறிக்குழியை வெட்டி வைத்திருந்தார். உட்கார்ந்து கால் தொங்கவிட மேடைகூட இருந்தது.

"எதுக்குங்க இது? தவளைங்க ஒக்காந்து பொடவ நெய்யறதுக்கா?" என்றேன்.

அவருக்கு முகம் சுண்டிப்போனது. "குழின்னா இப்டிதானே இருக்கும்?" என்றார். வேடிக்கையை விட்டுவிட்டு விளக்கிச் சொன்னேன். முட்டையிலிருந்து வருவது வால் வைத்த தலைப்பிரட்டை. அதற்குக் கால் முளைத்து வால் சுருங்கியதும் தரையேற வேண்டும். செங்குத்துச் சுவராக இருந்தால் நகம் அளவு குட்டி எப்படி ஏறும்? உள்ளேயே மூழ்கிச் சாகும். ஒரு பக்கத்தை முழுக்க இடித்துச் சரிவாக்கினோம். உடைந்த ஓடும் கல்லும் போட்டோம். ஏரிக் களிமண்ணைக் கொட்டி எல்லோரும் சேர்ந்து மிதித்தோம். அதில் முருகனுக்குத்தான் ஆனந்தம். சோப்புத் தண்ணீர், சாயத் தண்ணீர் ஒரு சொட்டுகூட இதில் விழக் கூடாது என்று செல்வியிடம் சொன்னேன். "என் பொடவ மேல தண்ணி வுழாத மாதிரி பாத்துக்கறேன்" என்றாள்.

அடுத்த மழை நல்ல மழை. அன்றைக்குச் சாயங்காலமே கச்சேரி ஆரம்பித்துவிட்டது. காலையில் செல்வி போன் செய்தாள்: "அக்கா, தறிக்குழி காலி! மேஸ்திரியும் வெளிய பூட்டாரு!" போய்ப் பார்த்தால் தண்ணீருக்குள் புல்லைச் சுற்றிக் கருகமணிச் சரம் மாதிரி முட்டைகள் நீளமாகக் கிடந்தன. எத்தனையோ தண்ணீரைக் கொட்டிய கை இது. அன்றைக்கு அந்தக் குளத்தின் ஓரத்தில் நின்றபோது எனக்கு மனசு நிறைந்துபோனது. சீரியல் வசனமே காதில் விழவில்லை என்று பக்கத்து வீடுகளில் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தவளை இருந்தால் கொசுவே இருக்காது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஏதோ கொஞ்சம் தின்னும், அவ்வளவுதான். அதனால் போகும்போதெல்லாம் நான் கரண்டி போட்டுப் பார்த்தேன், நின்று நிதானித்துத்தான் பார்த்தேன். நீர்ப்பூச்சியும் தட்டானின் குஞ்சும் காவல் இருந்ததால் கொசுப்புழு தங்கவில்லை.

தலைப்பிரட்டைகளுக்குப் பின்னங்கால் முளைத்த சமயத்தில் என் தலையில் இடி விழுந்தது. தனபால் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் மாலதி என்று ஒரு பெண். அவள் புருஷன் வீட்டில் பட்டு வாங்கி விற்கும் தொழில். ஒன்றாம் வகுப்பு படிக்கிற அவள் மகளுக்குக் காய்ச்சல் வந்து, டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவள் குளத்தைப் பார்த்ததும் தெருவே கூடும்படி கத்திவிட்டாள்.

"தவளைக்கு வூடு கட்டறாங்களாம்! எம் பொண்ணு ஊசியோட கெடக்கறா அங்க! அவளுக்கு எதுனா ஆச்சுன்னா நான் யாரையும் சும்மா வுட மாட்டேன்!"

பெற்றவள் வயிறு எரிகிறது. தெருவும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டது. யாரோ அலுவலகத்துக்குச் சொல்லிவிட, எங்கள் அதிகாரியிடமிருந்து எனக்கு போன் வந்தது. கெட்ட மனிதர் இல்லை, ஆனால் மேலே இருப்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். "கொசு ஒழிப்புக்காரங்களே குளம் வெட்டினாங்கன்னு நியூஸ் வந்தா என்ன பண்ணுவீங்க? மதியம் நானே வரேன். அதுக்குள்ள மூடிடுங்க. இந்த மாசம் ரிட்டயர் ஆகறீங்க, ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

அரசாங்க வேலையில் இருப்பவர்களுக்கு அதன் பொருள் விளங்கும். கடைசி மாதத்தில் ஒரு மெமோ வந்தால் ஓய்வுபெற விடமாட்டார்கள். விசாரணை என்று இழுத்தடிப்பார்கள். மாலை போட்டு அனுப்ப வேண்டியவர்களை சஸ்பெண்ட் செய்து அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன்.

விஷயம் தெரிந்து, நான் நின்றிருந்த குளத்தடிக்கு முருகன் வண்டியில் பறந்து வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் தண்ணீர், தண்ணீருக்குள் கம்பூசியா மீன்கள். கிணற்றில் கொசுப்புழுவைத் தின்ன நாம் விடுவோமே, அந்த மீன்தான்.

"அக்கா, ஜல்தியா இத வுட்டுடுங்க. மீன் வுட்ட தண்ணின்னா ஆபீசரும் ஒண்ணும் கேக்க மாட்டாரு. சட்டப்படி கரெக்ட்டு. மூடவும் வேணாம்."

பாவம், அவனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். என்மேல் பாசத்தில்தான் கொண்டுவந்தான். மற்ற எந்தத் தண்ணீருக்கும் அதுதான் சரியான விடை. ஆனால் அந்த மீன் கொசுப்புழுவோடு நிறுத்தாது. முட்டை, தலைப்பிரட்டை என்று வாயில் பட்டதையெல்லாம் தின்னும். பையை அவிழ்த்தால் நான் பிழைத்தேன், குளமும் பேருக்கு இருக்கும், உள்ளே மட்டும் ஒன்றும் மிஞ்சாது. பையைக் கையில் வாங்கினேன். முடிச்சில் விரல்கூட வைத்தேன். பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது?

அப்போது அந்தப் பழைய மேற்பார்வையாளர் ஞாபகம் வந்தது. நிழல் விழுந்தால் புழு அடியில் போய்விடும். தெருவே குளத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறது. டெங்கு கொசு சேற்றுக் குளத்தைத் தேடி வராது, வீட்டுக்குள் தெளிந்த தண்ணீரைத்தான் தேடும். அப்படியென்றால் உண்மையான புழு எங்கேயோ பத்திரமாக இருக்கிறது. குளத்தை மூடிவிட்டு எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினால், அது அடுத்த பிள்ளையைக் கடிக்கும்.

பையை முருகனிடமே கொடுத்தேன். "கெணத்துல வுட்டுட்டு வா. இங்க வேணாம்."

மாலதி வீட்டில் எங்கள் ஆட்களை ஒருபோதும் வாசல் தாண்ட விட்டதில்லை. "சேத்துக் காலோட வராதீங்க, உள்ள பட்டு இருக்குது" என்று நிறுத்திவிடுவாள். வாசலில் நின்றே பார்த்துவிட்டு வந்துவிடுவோம். அன்றைக்கு அவள் துணியை எடுப்பதும் கீழே போடுவதுமாகத் தவித்துக்கொண்டிருந்தாள். நான் குழாயில் காலைக் கழுவிக்கொண்டு, கேட்காமலே உள்ளே போய்விட்டேன்.

"நீ பால ஆத்தி ஃபிளாஸ்க்குல ஊத்து. துணிய நான் மடிச்சித் தரேன்" என்றேன். அவள் அடுக்களைக்குப் போனாள்.

குழந்தை தூங்கும் அறையில்தான் பட்டு வைக்கும் மர அலமாரியும் இருந்தது. எறும்பு, பூச்சி ஏறாமலிருக்க அதன் நான்கு காலுக்கும் கிண்ணம் வைத்துத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். பட்டு இருக்கும் வீடுகளில் அப்படி வைப்பது உண்டு. ஊற்றுவார்கள், வற்றினால் மேலே ஊற்றுவார்கள், கழுவ மட்டும் யாருக்கும் தோன்றாது. மண்டியிட்டு டார்ச் அடித்தேன். வெறும் தண்ணீர். விளக்கை அணைத்துவிட்டு அசையாமல் இருந்தேன். பால் ஃபிளாஸ்க்கோடு மாலதி பின்னால் வந்து நின்றாள். மறுபடி டார்ச் அடித்தபோது, கிண்ணம் முழுக்கப் புழு மேலே வந்து நெளிந்துகொண்டிருந்தது. நான் பார்த்தேன், அவளும் பார்த்தாள்.

ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டுக் கிண்ணத்தருகே குனிந்தாள். "நானேதானாக்கா? நானே எம் பொண்ணு தலமாட்டுல வச்சிகினு இருந்தேனா?"

"யாராச்சும் தெரிஞ்சி வைப்பாங்களாம்மா? பட்டு கெடக்கூடாதுன்னு வச்ச. இப்பக் கொட்டிடலாம், நாலுதானே. அங்க கொழந்த தேடும், நீ கெளம்பு."

இரண்டு பேரும் சேர்ந்து பின்பக்கம் வெயிலில் கொட்டினோம். கிண்ணத்தின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவினேன், முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும். தெருவில் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அந்த நிலைமையில் இருக்கும் தாயைத் தெருவின் வாயில் போடுவது நம் வேலை இல்லை. முருகனிடம்கூடச் சொல்லவில்லை.

மதியம் அதிகாரி வந்தார். தெருவே கூடிவிட்டது. தனபாலும் செல்வியும் குளத்துக்கு முன்னால் காவல் மாதிரி நின்றார்கள். அதிகாரி கரண்டி வாங்கி மொண்டு பார்த்தார். வால் வைத்த, பின்னங்கால் முளைத்த இரண்டு பேர் கரண்டியில் சுற்றினார்கள்.

"இது புழுவா, மீனா?"

"தவளை சார். இன்னும் முழுசா ஆகல."

"சரி. இதுல புழு இல்ல, ஒத்துக்கறேன். அப்ப காய்ச்சல் எங்கிருந்து வந்துச்சு? எங்க கண்டுபிடிச்சீங்க?"

சரியான கேள்வி. என் வேலையே அதற்குப் பதில் சொல்வதுதான். சொன்னால் அந்த நிமிஷமே நான் தப்பித்தேன். ஆனால் தெருவே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. "சார், ஆபீஸ்ல வந்து தனியா சொல்றேன்" என்றேன். அவர் முகம் மாறியது. மழுப்புகிறேன் என்று நினைத்துவிட்டார். "இங்கயே சொல்லுங்க. இல்லேன்னா இது இப்பவே மூடணும், நீங்க எழுத்துல விளக்கம் குடுக்கணும்" என்றார்.

மெமோ கண் முன்னால் ஆடியது. முருகன் கண்ணாலேயே கெஞ்சினான்.

"எங்க வூட்லதான் சார்."

திரும்பிப் பார்த்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து ஃபிளாஸ்க்கோடு திரும்பி வந்திருந்தாள் மாலதி. எப்போது வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை.

"அலமாரி காலுக்கு வச்ச கிண்ணத்துல இருந்துச்சி. அந்த அக்கா பாத்துக் கொட்டுனாங்க. அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க. பட்டு வச்சிருக்கறவங்க எல்லாம் போயி உங்க வூட்டு அலமாரிய பாருங்க." நிறுத்தாமல் சொல்லி முடித்தாள்.

தெரு சட்டென்று காலியானது. எல்லோர் வீட்டுப் பின்பக்கமும் தண்ணீர் கொட்டும் சத்தம். அதிகாரி கரண்டியை மெதுவாகச் சாய்த்து, அந்த இரண்டு பேரையும் குளத்திலேயே விட்டார்.

குழந்தை பிழைத்தது. முதலில் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். காய்ச்சல் இறங்கி, ஆஸ்பத்திரியில் இட்லி கேட்டு அடம் பிடித்தாள் என்று கேட்டபோதுதான் எனக்குச் சோறு இறங்கியது. கல்யாணப் புடவையும் கறையில்லாமல் தறியிலிருந்து இறங்கியது. நான் மட்டும் கடைசி நாள் சாயங்காலம்வரை, மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, யாராவது கவரோடு வருகிறார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டே லட்டு தின்றேன். யாரும் வரவில்லை.

அலுவலகம் முடிந்து நேராக அந்தத் தெருவுக்குப் போனேன். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது, தெரு சேறும் சகதியுமாக இருந்தது. குளத்தை ஒருமுறை பார்த்துவிட்டு பஸ் பிடிக்கலாம் என்று நினைப்பு. தெருவுக்குள் திரும்பியதும் ஒரு சத்தம்.

"அக்கா! நில்லுங்க! பாத்துக் கால் வைங்க!"

மாலதி தன் வாசலில் மகளோடு நின்றிருந்தாள். கீழே பார்த்தேன். தெரு முழுக்கச் சுண்டுவிரல் நகம் அளவில் குட்டித் தவளைகள். அந்தச் சரிவில் ஏறி வெளியே வந்து, மழையில் நாலா பக்கமும் துள்ளிக்கொண்டிருந்தன. தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒற்றைக் காலில் நின்றேன். குழந்தை என்னைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தாள்.

"உள்ள வாங்கக்கா, டீ போடறேன்" என்றாள் மாலதி.

"காலெல்லாம் சேறும்மா."

"சேறுதானே, கழுவிக்கலாம். குட்டிங்கள மிதிச்சிடாம வாங்க."

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, குனிந்து பார்த்துப் பார்த்து ஒவ்வோர் அடியாக வைத்து, வாசல் தாண்டி உள்ளே போனேன்.